சதார்குல் கேட்ட சூயுன்சூ

தாஷ்பெஷிக் தேசியப் பூங்காவின் காவலன் சதார்குலைத் தெரியாத ஆள் எங்கள் பள்ளத்தாக்கில் கிடையாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவனிடம் பிடிபட்டவர்கள். ஆற்றங்கரையில் ஒலிபெருக்கியை அலறவிட்டுக் குடித்துக் கூத்தடித்தவர்கள், புத்தாண்டுக்கு இளம் ஊசியிலை மரத்தை வெட்டிக் கார் கூரைமேல் கட்டியவர்கள், மலையாட்டைச் சுட்டு உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்தவர்கள் என்று எல்லாரையும் அவன் வழிமறித்து நிறுத்தியிருக்கிறான். நிறுத்தப்பட்டவர்கள் காரில் உட்கார்ந்தபடியே நகரத்துக்கு ஒரு போன் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் சதார்குலுக்கு மேலிடத்திலிருந்து ஒரு போன் வரும், விட்டுவிடு என்று. அவன் விட்டுவிடுவான். கார் வளைவைத் தாண்டியதும் அது போன திசையில் காறித் துப்புவான். அதற்குமேல் அவன் யார்மேலும் வஞ்சம் வைத்துக்கொண்டதில்லை.

இத்தனையையும் தாங்கிய மனுஷனால் ஒரே ஒருவனைத்தான் தாங்க முடியவில்லை. அது வேட்டைத் திருடனும் இல்லை, மேலிடத்து அதிகாரியும் இல்லை. அவனுடைய சொந்தச் சகலை மிர்லான்.

மிர்லான், சதார்குலின் மனைவி ஜிப்பாருடைய தங்கை பெர்மெத்தைக் கட்டியவன். ராணுவத்திலிருந்து திரும்பி வேலையில்லாமல் திரிந்தவனைக் கையைப் பிடித்துப் பூங்கா அலுவலகத்துக்குக் கூட்டிப் போனதே சதார்குல்தான். அந்தக் கையை அன்றைக்கே உதறியிருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்துக்கொண்டான். ஏனென்றால் மிர்லான் தொட்டதெல்லாம் துலங்கியது. ஒரு குளிர்காலத்தில் மலையாட்டுத் திருடர்களுக்காகச் சதார்குல் பாறை இடுக்கில் நாள்கணக்கில் படுத்துக் கிடந்தான். மூக்கு நுனி கறுத்துப்போனது. கடைசியில் மாமனார் வீட்டு விருந்துக்கு என்று ஒரே ஒரு நாள் கீழே இறங்கினான். அன்றைக்குத்தான் திருடர்கள் வந்தார்கள். அவனுக்குப் பதிலாகக் காவலுக்குப் போன மிர்லான், தேநீர்க் குடுவையின் மூடியைத் திறக்கும் முன்பே நாலு பேரும் துப்பாக்கியோடு அவன் முன்னால் வந்து நின்றார்களாம். அந்த வழக்குக்கு மட்டும் மேலிடத்துப் போன் வரவில்லை. செய்தித்தாளில் படம் வந்தது. அந்தப் படம் இன்றும் அலுவலகச் சுவரில் இருக்கிறது. சதார்குல் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான்.

மாமனாரிடம் ஒரு செம்பழுப்புக் குதிரை இருந்தது. அலுங்காமல் குலுங்காமல் நடக்கும். அதன்மேல் ஒரு கிண்ணம் குதிரைப்பாலை ஏந்திக்கொண்டு மலை ஏறினாலும் ஒரு சொட்டுச் சிந்தாது. மூத்த மாப்பிள்ளை என்ற முறையில் அது தனக்குத்தான் வரும் என்று சதார்குல் சேணம்கூட வாங்கி வைத்திருந்தான். கிழவர் அதை மிர்லானுக்குக் கொடுத்தார். "அவன் பனிமலை வரைக்கும் போறவன். உனக்கு எதுக்கு? நீ பாலத்துக்கும் வாசலுக்கும்தானே நடக்கறே" என்றார். சதார்குலின் சாம்பல் நிறப் பெண்குதிரை ஓடைக்கு ஓடை நின்று, தண்ணீரை முகர்ந்து, யோசித்துவிட்டுத்தான் காலை வைக்கும்.

ஜிப்பார் இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை.

"உங்களுக்கு என்னங்க குறைச்சல்? அவன் நல்லா இருந்தா உங்களுக்கு எங்க வலிக்குது?"

"எனக்கு எங்கயும் வலிக்கல. டீ ஊத்து."

"ஊத்தி ஆறியும் போச்சு. நீங்கதான் ஜன்னல் வழியா அவன் குதிரையையே பாத்துட்டு நிக்கிறீங்க."

"குதிரையைப் பாக்கல. வானத்தைப் பாக்கறேன். மழை வருமான்னு."

"வானம் மேல இருக்கு. நீங்க கீழ பாக்கறீங்க."

எங்கள் பக்கத்தில் நல்ல சேதியை யார் முதலில் கொண்டுவருகிறானோ அவன் வாசலிலிருந்தே "சூயுன்சூ!" என்று கத்துவான். கேட்டவர் மேலே கேள்வி கேட்காமல் கையில் கழுத்தில் இருப்பதைக் கழற்றிக் கொடுப்பார். கொடுத்ததை யாரும் திரும்ப வாங்குவதில்லை. வாங்கினால் சேதி பொய்யாகிவிடும் என்பார்கள். காணாமல்போனவர்களைத் தேடி மீட்கிற மிர்லானுக்கு இப்படிச் சேர்ந்தவை கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளிப் பிடி போட்ட கத்தி, நரித்தோல் தொப்பி, வெல்வெட்டு அங்கி என்று அவன் வீட்டுச் சுவர் ஆணிகளில் வரிசையாகத் தொங்கும். சதார்குல் தன் காலத்தில் ஒரே ஒரு சூயுன்சூ வாங்கியிருக்கிறான். காணாமல்போன ஒரு பசுவைக் கண்டு சொன்னதற்கு. பசுவுக்கு உடையவள் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை கொடுத்தாள். அதில் ஒன்று கொஞ்சம் சிறியது.

ஆகஸ்ட் கடைசியில் மாமனார் வீட்டில் ஆடு வெட்டினார்கள். மாப்பிள்ளைக்கு உரியது நெஞ்சுக்கறி. இரண்டு மாப்பிள்ளைகள் இருந்தால் மூத்தவன் முன்னால்தான் தட்டு வரும். அன்றைக்குத் தட்டு சதார்குலைத் தாண்டிப் போய் மிர்லான் முன்னால் உட்கார்ந்தது.

"இன்னிக்கு இது மிர்லானுக்குத்தான்" என்றார் மாமனார். "காலைல ஆத்துல போன ஒரு டூரிஸ்ட்டை இழுத்துப் போட்டுட்டு வந்திருக்கான்."

மிர்லான் உடனே கறியைப் பாதியாக அறுத்து நீட்டினான். "சகலை, பாதி உங்களுக்கு. ஆத்துல பாதி தூரம் நீங்கதானே காவல் பாக்கறீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சகலைகளுக்குள் கேலி பேசுவது எங்கள் வழக்கம். பேசாவிட்டால்தான் தப்பு. சதார்குலும் சிரித்தான். அந்தப் பாதிக் கறியை மென்று விழுங்கும்போது வயிறு பற்றி எரிந்தது. பாதி கிடைக்காமலே போயிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

செப்டம்பர் நடுவில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. நகரத்துக் கல்லூரியிலிருந்து அருவி பார்க்க வந்த கூட்டத்தில் மேரிம் என்ற பெண் மாலையில் பஸ்ஸுக்குத் திரும்பவில்லை. சிவப்பு ஜாக்கெட் போட்டிருந்தாள், தனியாகப் படம் எடுக்கப் போனாள் என்று கூட வந்த பெண்கள் சொன்னார்கள். சொல்லும்போது ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடிவதற்குள் மேரிமின் தாய் சாய்ரா வந்துவிட்டாள். கணவர் ருஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தார். அவளுடைய ஊர்க்காரர்கள் இரண்டு வேன் நிறைய வந்து இறங்கினார்கள்.

தேடும் வேலையைப் பிரித்தார்கள். ஊர்க்காரர்கள் கீழே வாசல் பக்கமிருந்து ஓடைப் பள்ளம் வழியாகத் தேடிக்கொண்டே மேலே ஏற வேண்டும். மிர்லானும் ஒமுர் என்ற இன்னொரு காவலனும் இரண்டு மலையேறிகளோடு பனிமலை அடிவாரத்துக்குப் போக வேண்டும். சதார்குல் நடுவில் பாலத்தில் நிற்க வேண்டும். மலைமுகடு மறைப்பதால் மேலே இருப்பவர்களின் வயர்லெஸ் வாசலுக்கு எட்டாது. பாலத்துக்கு எட்டும். பாலத்தில் நிற்பவன் கேட்டு வாசலுக்குச் சொல்வான். வாசலில் சீட்டுக் கொடுக்கும் அறையில் வயர்லெஸ்ஸைப் பார்த்துக்கொள்பவள் பெர்மெத். மிர்லானின் மனைவி.

"பாலத்தை விட்டு மட்டும் நகராதீங்க சகலை" என்றான் மிர்லான், செம்பழுப்பின்மேல் ஏறிக்கொண்டே. "எங்க வாயி நீங்கதான்."

"வாயா? காலு உன்னோடது, கண்ணு உன்னோடது, எனக்கு வாய் மட்டுமா?"

"நல்ல வாயாச்சே. மாமனார் வீட்ல கறி திங்கறப்ப பாத்திருக்கேன்."

சிரித்துவிட்டுப் போய்விட்டான். சதார்குல் பாலத்தில் நின்றான். ஆறு இரைந்தது. சாம்பல் குதிரை புல் மேய்ந்தது. அவனுக்கு வேறு வேலை இல்லாததால் பொறாமைப்பட நிறைய நேரம் இருந்தது. இவன்தான் கண்டுபிடிக்கப் போகிறான், இன்னொரு ஆணி அடிக்கப் போகிறான், பெர்மெத் அதைத் தூசி தட்டி மாட்டப் போகிறாள் என்று நினைத்து நினைத்து வெந்தான். பெண் கிடைக்க வேண்டும் என்றும் நினைத்தான். அதைச் சொல்லாமல் விட்டால் அவனுக்குச் செய்யும் அநியாயம். அவனுக்கும் ஒரு மகள் உண்டு, அதே வயதில்.

மதியத்துக்கு மேல் வயர்லெஸ் கரகரத்தது.

"பாலம், பாலம். சகலை, கேக்குதா?"

"கேக்குது, சொல்லு."

"செவப்பு ஜாக்கெட்டு தெரியுது. பெரிய பாறைக்கு அந்தப் பக்கம். கை ஆட்டறது தெரியுது, உசுரோட இருக்கு. கிட்டப் போய்ப் பாத்துட்டு முழுசாச் சொல்றேன். அங்கயே இருங்க."

சதார்குலின் கண் கலங்கியது. வாசலைக் கூப்பிட விரல் பொத்தானுக்குப் போனது. அங்கேதான் நின்றது. இந்த வயர்லெஸ்ஸில் அவன் சொன்னால் வாசலில் அதைக் கேட்பவள் பெர்மெத். அவள்தான் கதவைத் திறந்து "சூயுன்சூ!" என்று கத்துவாள். கண்டுபிடித்தவன் புருஷன், சேதி சொன்னவள் பெண்டாட்டி, நடுவில் இவன் வெறும் கம்பி. இவ்வளவு வருஷமாக மழையிலும் பனியிலும் நின்றதற்கு ஒரு நல்ல சேதியைத் தன் வாயால் ஒரு தாயிடம் சொல்லக் கொடுத்துவைக்கவில்லையா? வாசலுக்குக் குதிரையில் எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? முழுசாகச் சொல்ல இனி என்ன இருக்கிறது? உயிரோடு இருக்கிறாள். அது போதாதா?

அவன் குதிரைமேல் ஏறி அதன் விலாவில் உதைத்தான். சாம்பல் குதிரைகூட அன்றைக்கு ஓடைகளில் நிற்காமல் ஓடியது. முதல் வளைவைத் தாண்டியதும் இடுப்பில் இருந்த வயர்லெஸ் அடங்கிப்போனது. அது அவன் காதில் உறைக்கவில்லை.

"சூயுன்சூ! சூயுன்சூ!"

வாசலில் பெஞ்சில் இருந்த சாய்ரா எழுந்து நின்றாள். நிற்க முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள். "உசுரோட இருக்கா! கையாட்டறா!" என்று கத்திக்கொண்டே சதார்குல் குதித்திறங்கினான். சாய்ரா தன் மணிக்கட்டிலிருந்து ஒரு அகல வெள்ளிக் காப்பைக் கழற்றி அவன் கையில் திணித்தாள். அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என் அம்மா போட்டிருந்த காப்பு தம்பி. இதைவிடப் பெருசா எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நீ நல்லா இருக்கணும். உன் புள்ளைங்க நல்லா இருக்கணும்."

அவன் வாழ்க்கையில் அதுவரை யாரும் அவனைப் பிடித்துக்கொண்டு அழுததில்லை. திட்டிக்கொண்டு அழுதவர்கள் உண்டு.

பெர்மெத் அறையிலிருந்து ஓடிவந்தாள். "அத்தான், வயர்லெஸ்ல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நல்ல சேதியை நேர்ல சொன்னா என்ன கொறஞ்சு போச்சு?"

"யாரு கண்டுபிடிச்சது? எங்க வீட்டுக்காரரா?"

"நாங்க கண்டுபிடிச்சோம்" என்றான் சதார்குல்.

பெர்மெத் ஓடைப் பள்ளத்தில் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஆள் அனுப்பி, கிடைத்துவிட்டாள், எல்லாரும் திரும்பி வாருங்கள் என்று சொன்னாள். சதார்குல் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான். அவனுக்குத் தப்பாக ஒன்றும் படவில்லை. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவன் முதுகில் தட்டினார்கள். ஒருவர் தன் தொப்பியை எடுத்து அவன் தலையில் வைத்தார். எங்கிருந்தோ ஒரு ஆடு வந்தது. தேநீர் கொதிக்கும் சமோவாரில் புகை வந்தது. இளைஞர்கள் ஆட்டைப் பிடித்துக்கொள்ள, முதியவர் ஒருவர் கையேந்திப் பிரார்த்தனை சொன்னார். சதார்குலை முதல் இடத்தில் உட்காரவைத்தார்கள். நெஞ்சுக்கறி யாருக்கு என்ற கேள்வியே அங்கே இல்லை.

ஆட்டை உரிப்பதற்குள் ஒமுர் வந்து சேர்ந்தான். ஓடி ஓடி அவனுக்கு மூச்சு வாங்கியது. சமோவாரையும் ஆட்டையும் பார்த்தான்.

"என்ன நடக்குது இங்க? பொண்ணு கிடைச்சிட்டாளா?"

"நீங்கதானேப்பா கண்டுபிடிச்சீங்க" என்றார் தொப்பி கொடுத்தவர்.

"நாங்க கண்டது பையன். தாஸ்தான்னு ஒருத்தன். இவ கூடப் படிக்கறவன், பஸ்ல வராம தனியா வந்திருக்கான். கால் ஒடஞ்சு கிடக்கறான். அவனுக்குக் குளிருதுன்னு இவ தன் செவப்பு ஜாக்கெட்டைக் கழட்டி அவனுக்குப் போட்டுட்டு, ஆள் கூட்டிட்டு வர்றேன்னு நேத்தே ஓடைப் பள்ளம் வழியாக் கீழ எறங்கியிருக்கா. அதைச் சொல்லத்தான் மிர்லான் பாலத்தைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போயிட்டான். பாலத்துல யாரும் இல்ல." அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். "பள்ளத்துல தேடிட்டு இருந்தவங்க எங்க?"

தேடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஆட்டைச் சுற்றி நின்றார்கள்.

யாரும் சதார்குலைத் திட்டவில்லை. முதலில் கூட்டம் ஓட ஆரம்பித்தது. பள்ளத்தை நோக்கி, வந்த வழியே, கையில் கிடைத்த கம்பளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாய்ரா மட்டும் பெஞ்சில் இருந்தாள். அவள் சதார்குலைப் பார்த்தாள். பிறகு அவன் சட்டைப்பையைப் பார்த்தாள். காப்பைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"ஜாக்கெட்டு இல்லாம ராத்திரி பூரா..." என்றாள். அதை அவனிடம் சொன்னாளா, தனக்குச் சொன்னாளா தெரியவில்லை.

பெர்மெத்தான் அவன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "எதுக்கு அத்தான்? ஒரு காப்புக்காகவா?"

காப்புக்காக இல்லை. எதற்காக என்று சொன்னால் அதைவிடக் கேவலமாக இருக்கும்.

அவன் குதிரையைத் திருப்பினான். ஊர்க்காரர்கள் கீழேயிருந்து ஏறட்டும், தான் பாலத்துப் பக்கமிருந்து பள்ளத்துக்குள் இறங்கினால் நடுவில் எங்காவது அகப்படுவாள் என்று கணக்குப் போட்டான். வெயில் முகட்டுக்குப் பின்னால் போய்விட்டது. சரிவில் குதிரையை விட்டுவிட்டுக் கையால் வேரைப் பிடித்துப் பிடித்து இறங்கினான். "மேரிம்! மேரிம்!" என்று கத்தினான். தண்ணீர்ச் சத்தம் அதைத் தின்றது. கடவுளே, என் கண்ணில் காட்டு, என் கையில் கொடு என்று வேண்டிக்கொண்டே போனவன், சட்டென்று நின்றான். மிர்லான் கையில் கிடைக்காமல் என் கையில் கொடு என்று அவன் மனசு வேண்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்கே காதில் விழுந்தது. இந்த நேரத்திலுமா? அவன் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான். நன்றாக வலித்தது. பிறகு நடந்தான்.

ஓடை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் செம்பழுப்புக் குதிரை நின்றது. அதற்குப் பக்கத்தில் மண்டியிட்டு மிர்லான் உட்கார்ந்திருந்தான். அவன் கோட்டுக்குள் ஒரு பெண் சுருண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறந்திருந்தது. பாலத்திலிருந்து பதில் வராததால், பையனை மலையேறிகளிடம் விட்டுவிட்டு மிர்லான் தானே பள்ளத்தில் இறங்கித் தேடிக்கொண்டு வந்திருக்கிறான்.

சதார்குலுக்கு அந்தக் கணம் முதலில் தோன்றியது சந்தோஷம்தான் என்று எழுத எனக்கு ஆசை. இல்லை. மறுபடியும் இவனா என்றுதான் தோன்றியது. சந்தோஷம் அதற்குப் பின்னால் வந்தது. ஆனால் வந்தபோது அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"கணுக்கால் வீங்கிருக்கு, நடக்க முடியல. பயம் இல்ல" என்றான் மிர்லான். "குளிர்ல வெறச்சுப் போயிருந்தா. சூடா டீ குடுத்திருக்கேன்."

"தாஸ்தான் எப்படி இருக்கான்?" என்றாள் மேரிம். பல் கிட்டி, குரல் உடைந்து வந்தது.

"உன்னைவிட நல்லா இருக்கான்மா" என்றான் மிர்லான். "உன் ஜாக்கெட்டு அவனுக்கு நல்லாவே இருக்கு."

அவள் சிரிக்க முயன்றாள். "கொஞ்ச நேரம் முன்னாடி கீழ ஆளுங்க சத்தம் கேட்டுச்சு. கூப்பிட்டேன். அப்புறம் அவங்க திரும்பிப் போயிட்டாங்க."

மிர்லான் சதார்குலைப் பார்த்தான். சதார்குல் கல்லைப் பார்த்தான்.

"பாலத்துல நான் இல்ல" என்றான்.

"தெரியும்."

"சூயுன்சூ கேக்கப் போயிட்டேன். செவப்பு ஜாக்கெட்டுன்னதும்..."

"அதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் சகலை. ஸ்ட்ரெச்சர் வேணும். இங்கேருந்து வயர்லெஸ் எடுக்காது. இவளைத் தனியா விட முடியாது. என் குதிரையை எடுத்துட்டுப் போங்க. அவங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

"நீ போ. கண்டது நீ. நான் இவளைப் பாத்துக்கறேன்."

"இவ என் கோட்டுக்குள்ள இருக்கா, நகர்த்த முடியாது. போங்க, நேரமாகுது." பிறகு, சகலைக்குரிய பழைய குரலில், "இந்தத் தடவை சேதி நெசம். தைரியமா சூயுன்சூ கேளுங்க."

அவன் இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் சதார்குல் நிமிர்ந்து ஏறியிருப்பான். தலையைக் குனிந்துகொண்டுதான் ஏறினான்.

செம்பழுப்பு கிளம்பியது. சரிவிலும் கல்லிலும் அது நடந்த நடை இருக்கிறதே! உட்கார்ந்திருப்பவனுக்கு ஓடை ஓடுகிறதே தவிர குதிரை ஓடுவதாகவே தெரியவில்லை. இப்படி ஒரு குதிரையை இவ்வளவு வருஷம் இவன் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான் என்று அந்த நேரத்திலும் சதார்குலின் வயிறு ஒரு மூலையில் எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டான். வழியில் ஊர்க்காரர்களைக் கண்டு இடத்தைச் சொல்லி அனுப்பினான். அவர்களும் உடனே நகரவில்லை. அவனுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்கள். பிறகுதான் கம்பளியோடு ஓடினார்கள்.

வாசல் நெருங்க நெருங்க அவன் ஒன்றைத் தீர்மானித்தான். சூயுன்சூ கேட்க மாட்டான். அந்தச் சொல்லை ஒரு தடவை திருடியாகிவிட்டது. இனி அதைத் தொட அவனுக்கு உரிமை இல்லை. மாறாக, வாங்கிய காப்பை முதலில் திருப்பிக் கொடுப்பான். கொடுத்துவிட்டுச் சேதியைச் சொல்வான். அதுதான் நேர்மை என்று அவனுக்குப் பட்டது. நேர்மையாக இருக்க வேண்டும் என்று அவன் தீர்மானித்த அந்த ஒரு வேளையில் புத்தி வேலை செய்யவில்லை.

சாய்ரா பெஞ்சிலேயே இருந்தாள். பெர்மெத் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குதிரைச் சத்தம் கேட்டு இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். சதார்குல் இறங்கினான். ஒன்றும் கத்தவில்லை. நேராக நடந்து வந்து, தலையைக் குனிந்து, சட்டைப்பையிலிருந்து வெள்ளிக் காப்பை எடுத்து அவள் முன்னால் நீட்டினான்.

சாய்ரா காப்பைப் பார்த்தாள். சூயுன்சூவாகக் கொடுத்த பொருள் எதற்காகத் திரும்பி வரும்? ஒன்றுக்காகத்தான் வரும். அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தை அவன் அதற்கு முன்பு சாவு வீட்டில்தான் கேட்டிருக்கிறான். பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் விழுந்தாள். முகத்தை நகத்தால் கீறப்போனாள். பெர்மெத் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு "ஐயோ அத்தான்!" என்று அலறினாள்.

சதார்குலுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இல்ல, இல்ல! சூயுன்சூ! அக்கா, சூயுன்சூ!" அவனும் மண்ணில் விழுந்து அவள் முன்னால் மண்டியிட்டான். "உசுரோட இருக்கா! நெசமா இருக்கா! நான் பாத்தேன், எங்கிட்ட பேசினா!"

சாய்ரா அவன் மார்பில் இரண்டு கையாலும் குத்தித் தள்ளினாள். "போதும்டா பாவி! இன்னும் எத்தன தடவ சொல்லுவ? மத்தியானத்துல இருந்து எம்புள்ளைய எத்தன தடவ சாகடிப்ப? உன் வாயால எனக்கு ஒரு சேதியும் வேணாம்!"

"சத்தியமா அக்கா..."

"உன் சத்தியம் யாருக்கு வேணும்?"

கால்நூற்றாண்டு காவல் வேலை, மீசையில் நரை, ஒரு மகளுக்கு அப்பன் என்ற மரியாதை எல்லாம் இருந்தும் அவன் சொல்லுக்கு அந்த மண்ணில் ஒரு பிடி மதிப்பில்லை. மதிப்புள்ள ஒரு பெயர் அவனிடம் இருந்தது. அதை நல்லவிதமாக அவன் இதுவரை உச்சரித்ததே இல்லை.

"மிர்லான் கண்டான்" என்றான். "என் சகலை மிர்லான். அவன்தான் கண்டுபிடிச்சான். அவன் கோட்டுக்குள்ளதான் இருக்கா. அவன்தான் என்னை அனுப்பினான்."

பெர்மெத் குதிரையைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, இது எங்க குதிரை" என்றாள். "இதை அவரு எங்கப்பா கேட்டாக்கூடத் தரமாட்டாரு. தந்திருக்காருன்னா நெசம்தாம்மா."

சாய்ராவின் கை நின்றது. "மிர்லானா?"

"ஆமாக்கா, மிர்லான்."

"மிர்லான் பாத்தானா?"

"மிர்லான் பாத்தான்."

அவள் அந்தப் பெயரை இன்னொரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மண்ணில் உட்கார்ந்தபடியே அழுதாள். இது வேறு அழுகை. சதார்குல் எழுந்து ஸ்ட்ரெச்சர் எடுக்கப் போனான். அவன் திரும்பி வந்தபோது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். கீழே கிடந்த காப்பை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் விரல்களை அவள் மூடிவிடவில்லை.

"இது உனக்கில்ல" என்றாள். "அந்த மிர்லான் புள்ளைகிட்ட குடு."

மேரிமை வேனில் ஏற்றி அனுப்பிய பிறகு சதார்குல் காப்பை மிர்லானிடம் நீட்டினான். மிர்லான் கோட்டில்லாமல் சட்டையோடு நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கெதுக்கு சகலை? சேதி சொன்னது நீங்கதானே. வச்சுக்குங்க."

"என் வாயை அவங்க நம்பல. உன் பேரைச் சொன்னப்புறம்தான் நம்பினாங்க." ஒவ்வொரு சொல்லும் நாக்கைச் சுட்டுக்கொண்டு வெளியே வந்தது.

மிர்லான் சிரிக்கவில்லை. சதார்குல் கையை நீட்டியபடியே நின்றான். இன்னொரு தடவை மறுப்பான் என்று ஒரு கணம் எதிர்பார்த்தான். மிர்லான் மறுக்கவில்லை. காப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, குதிரையின் சேணத்தைச் சரிபார்க்கப் போய்விட்டான்.

சதார்குல் இன்றும் பாலத்தில்தான் நிற்கிறான். அதற்குப் பிறகு எந்தத் தேடலிலும் பாலத்தை விட்டு ஓர் அடி நகர்ந்ததில்லை. மேலிருந்து சேதி வந்தால் கடைசிச் சொல் வரை கேட்டுவிட்டு வாசலைக் கூப்பிடுகிறான். வாசலில் பெர்மெத் மரியாதையாகத்தான் பேசுவாள், அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அவன் என்ன சொன்னாலும், வெள்ளம் வந்தாலும் ஆள் கிடைத்தாலும், கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"இது யாரு சொன்னது அத்தான்?"

"மிர்லான் சொன்னான்" என்பான் சதார்குல். அதைச் சொல்லி முடிக்கும் வரை அவள் வெளியே சேதி சொல்லக் கதவைத் திறப்பதில்லை.